புள்ளும் மலையெல்லையும்

களியக்காவிளை குமரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் அமைந்த ஊர். 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழிப் பிரிந்தபோது, இவ்வூரை ஒட்டி எல்லைக்கோடு விழுந்தது. அக்கோட்டைக் காக்கை அறியாது, தென்னையும் அறியாது. இருபுறமும் ஒரே மரமும் ஒரே புள்ளுமே காணப்படும். ஆயின், ஊருக்கு வடகிழக்கே எழும் மலைத்தொடரில் மாந்தர் வரையாத எல்லை ஒன்று உண்டு. அது செங்கோட்டைக் கணவாய்.

கணவாய்க்குத் தெற்கேயுள்ள அசம்பு மலையின் உயர்ந்த சோலைக்காடுகளில் சிரிப்பான் என்னும் சிறுபறவை வாழ்கிறது. நகைப்பது போன்ற குரலால் அப்பெயர் பெற்றது. கணவாய்க்கு வடக்கே பழனி மலையிலும், பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் நீலகிரியிலும், வயநாட்டுப் பாணாசுர மலையிலும் இதன் உறவினங்கள் உள்ளன. 2017ஆம் ஆண்டில் ஆய்வாளர் இவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு, நான்கும் வெவ்வேறு இனங்கள் எனக் காட்டினர்.

தொல்காப்பியர் நிலத்திற்குரிய கருப்பொருள்களுள் புள்ளையும் வைத்தார். நுண்ணிய காட்சிதான். எனினும் அஃது உயிர் எங்கு வாழும் என்பதை உரைக்குமேயன்றி, அங்கு எவ்வாறு வந்தது என்பதை உரைக்காது. குளிரும் மழையுமே உயிரை வகுக்குமாயின், நீலகிரியிலும் அசம்பு மலையிலும் ஒரே சிரிப்பான் இருத்தல் வேண்டும். இரண்டும் குறிஞ்சியே, புள் மட்டும் வேறு. இவ்வேற்றுமைக்குக் காரணம் பிரிவு. ஒரு முன்னோரின் வழித்தோன்றல்கள் இடைப்பட்ட வெப்பத் தாழ்நிலத்தைக் கடக்கமாட்டாமல், இலட்சக்கணக்கான ஆண்டுகள் தனித்தனியே வாழ்ந்து வேறாயின. சார்லசு டார்வின் 1835இல் கலாபகசுத் தீவுகளில் தீவுக்குத் தீவு வேறுபட்ட பறவைகளைக் கண்டார். 1859இல் வெளியிட்ட தம் நூலில் உயிர்கள் பரவியிருக்கும் முறைக்கென இரண்டு அதிகாரங்களை ஒதுக்கினார். கடலுக்குப் பதிலாக வெப்பச் சமவெளி சூழ்ந்த தீவுகளே நம் மலையுச்சிகள்.

ஒரு மலையில் காடழிந்தால் அப்பறவை வேறு மலையில் உள்ளதே என்பார் உளர். அவர் கூற்று பொருந்தாது. அசம்புச் சிரிப்பான் அழிந்தால், பழனிச் சிரிப்பான் கணவாயைக் கடந்து வந்து அவ்விடத்தை நிரப்பப் போவதில்லை. வந்தாலும் அது வேறு புள்ளே. ஆதலின் மலைக்காடுகளை ஒன்றாகக் கூட்டிப் பரப்பளவு மட்டும் கணக்கிடுவது போதாது. மலைதோறும் தனியே எண்ணிக் காத்தல் வேண்டும். வெப்பம் மிகுந்துவரும் இந்நாளில் இது தள்ளிப்போடத்தக்க பணியன்று. அசம்பு மலைப் பறவை தெற்கே குடிபெயர வேறு மலையில்லை; அப்பால் இருப்பது குமரிக்கடல்.