போற பிளான் ரெடி, வர்ற பிளான் எங்கே தோழர்?



லாங் வீக்கெண்ட் வருது. உங்க வாட்ஸ்அப் குரூப்ல யாரோ ஒருத்தர் ஏற்கெனவே ஆரம்பிச்சிருப்பார்: "மச்சி, பாண்டி?" பத்தே நிமிஷத்துல கட்டைவிரல் குவியும். காலையில எந்தக் கடையில ஆரம்பிக்கிறது, மதியச் சாப்பாடு எங்க, சாயங்காலம் எந்த மொட்டை மாடி பார், யார் கார், ஆளுக்கு எவ்வளவு ஜிபே, எல்லாம் முடிவாகிடும்.

ராத்திரி யார் வண்டி ஓட்டுறது? இந்தக் கேள்விக்கு மட்டும் எல்லாக் குரூப்லயும் ஒரே பதில்தான். "பாத்துக்கலாம்டா."

இந்தப் பதிவு அந்த "பாத்துக்கலாம்டா"வைப் பத்தினது.

கட்சிப் பக்கத்துல இதையெல்லாம் எழுதணுமான்னு சிலர் கேப்பீங்க. மதுக் கொள்கை பத்தி மேடையில பேசுறோம், பேசுவோம். ஆனா இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் இருபதுகள்ல இருக்குற பசங்க. "குடிக்காதே"ன்னு ஒரு வரி போட்டுட்டுக் கடமை முடிஞ்சதுன்னு போயிடலாம். போறவன் போகத்தான் போறான். அவன் உயிரோட வீடு வந்து சேரணும்னு நினைக்கிறது எந்தக் கொள்கைக்கும் விரோதம் கிடையாது.

ஒரு மாநாட்டுக்கு நாம எப்படிப் போவோம், யோசிச்சுப் பாருங்க. வட்டத்துக்கு ஒரு வேன். வேனுக்கு ஒரு பொறுப்பாளர். ஏறும்போது தலை எண்ணுவோம், திரும்பும்போது மறுபடியும் எண்ணுவோம். ஒருத்தர் குறைஞ்சாலும் வேன் நகராது. டிரைவர் சாப்பிட்டாரா, தூங்கினாரான்னு கேட்டுட்டுத்தான் கிளம்புவோம். ஐம்பது பேரை இவ்வளவு பத்திரமா கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வரத் தெரிஞ்ச நமக்கு, அஞ்சு நண்பர்களைக் கூட்டிட்டு வரத் தெரியாதா? தெரியும். இது ஜாலி ட்ரிப்தானேன்னு விட்டுடறோம். அவ்வளவுதான்.

ஒரு நாள் முழுக்கக் கடை கடையா ஏறி இறங்குறதை வெளிநாட்டுல "பப் கிரால்"னு சொல்வாங்க. இங்கிலாந்துல லீட்ஸ் நகரத்து மாணவர்கள் மத்தியில "ஆட்லி ரன்" ரொம்பப் பிரபலம். ஒரே சாலையில வரிசையா இருக்குற பப்கள்ல நுழைஞ்சு நுழைஞ்சு நகரத்து மையம் வரைக்கும் நடந்தே போவாங்க. லண்டன்ல சர்க்கிள் லைன் ரயிலைப் பிடிச்சு ஸ்டேஷன் ஸ்டேஷனா இறங்குவாங்க. காலால போறது, இல்லேன்னா ரயில்ல போறது. இதுதான் அதோட அடிப்படை. நாம அந்த ஐடியாவை மட்டும் எடுத்துட்டு, கடைசியில 150 கிலோமீட்டர் ஈ.சி.ஆரையும் ஸ்டியரிங்கையும் சேர்த்துட்டோம்.

இப்போ கொஞ்சம் கணக்கு. இன்ஜினியரிங் படிச்ச தோழர்கள் நிறையப் பேர் இருக்கீங்க, சரிபார்த்துக்கோங்க.

சட்டப்படி வண்டி ஓட்டுறவர் ரத்தத்துல 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருக்கக் கூடாது. நம்ம ஊர் பிராந்தி, விஸ்கி பெரும்பாலும் 42.8 சதவீதம். ஒரு லார்ஜ்னா 60 மில்லி. அதுல சுத்தமான ஆல்கஹால் சுமார் 20 கிராம். 70 கிலோ எடையுள்ள ஒரு ஆணுக்கு இது ரத்தத்துல சுமார் 40 மில்லிகிராம் வரைக்கும் ஏத்தும். அதாவது முதல் லார்ஜே லிமிட்டைத் தாண்ட வைக்கலாம். அதே எடையுள்ள பெண்ணுக்கு இன்னும் கூட ஏறும்.

உடம்பு அதை எவ்வளவு வேகத்துல கழிக்கும்? மணிக்குச் சுமார் 15.

இப்போ நம்ம பாண்டி பிளானைப் போடுங்க. காலை 11 மணிக்கு ஆரம்பம். "டீசென்டா" ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு லார்ஜ். உள்ள வர்றது 40. அந்த ஒன்றரை மணியில வெளிய போறது 22. மிச்சம் கிட்டத்தட்ட 20 உள்ளயே தங்குது. ஆறு ரவுண்டு முடிஞ்சு ராத்திரி 8 மணிக்கு எழுந்திருக்கும்போது நிலவரம் சுமார் 120. லிமிட்டைப் போல நாலு மடங்கு! அது 30-க்கு இறங்கவே விடிகாலை 2 மணி ஆகும். முழுசா இறங்க 4 மணி.

இது சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும். ஆனா "நாள் முழுக்கப் பிரிச்சுப் பிரிச்சுத்தானே அடிச்சோம், ஏறவே இல்ல மச்சி"ங்கிற வசனம் எவ்வளவு பெரிய பொய்னு இதுலயே தெரியுது. ஏறாத மாதிரி தோணும். ரத்தத்துல ஏறியிருக்கும். "நான் பீர் மட்டும்தான்"னு சொல்றவங்களுக்கும் ஒரு தகவல்: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒண்ணு, ரெண்டு லார்ஜுக்குச் சமம்.

காபி குடிச்சா இறங்காது. எலுமிச்சை, மோர், பச்சைத் தண்ணிக் குளியல், எதுவும் இறக்காது. தூக்கம் கலையும், போதை கலையாது. நேரம் மட்டும்தான் மருந்து.

அடுத்து சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவை மாட்டினா 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரெண்டும். மறுபடியும் மாட்டினா 15,000 ரூபாய், அல்லது 2 வருஷம் வரை, அல்லது ரெண்டும். இது பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது 188-வது பிரிவு. இந்தக் குற்றத்துக்கு உடந்தையா இருக்கிறவருக்கும் அதே தண்டனை. குடிச்சிருக்கான்னு தெரிஞ்சே சாவியைக் கையில குடுத்து "நீ ஓட்டு மச்சி, நீதான் ஸ்டெடி"ன்னு சொல்றதை "நான் சும்மாதான் உக்காந்திருந்தேன்"னு சமாளிக்க முடியாது.

வண்டி அடிபட்டா, போதையில ஓட்டினதைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி உங்க காருக்கான பணத்தை மறுக்கலாம். எதிர்ல வந்தவர் உயிர் போனா? அவர் காலையில மீன் எடுக்கக் கிளம்பின அக்காவா இருக்கலாம், நைட் ஷிப்ட் முடிச்சு டூவீலர்ல வர்ற நம்ம வயசுப் பையனா இருக்கலாம். அவர் உங்க ட்ரிப் குரூப்லயே இல்ல. அவருக்கு எந்த "பாத்துக்கலாம்டா"வும் யாரும் சொல்லல.

சரி, என்ன பண்ணலாம்? யார் "பாண்டி?"ன்னு முதல் மெசேஜ் போடுறாரோ, அவர்தான் அந்த ட்ரிப்போட வேன் பொறுப்பாளர். இதுதான் என் கருத்து. பொறுப்பாளர் செய்ய வேண்டியது இதுதான்:

1. கடை லிஸ்ட்டுக்கு முன்னாடி ரிட்டர்ன் முடிவு பண்ணுங்க. ராத்திரி அங்கேயே தங்குறதுதான் நல்லது. ரூம் வாடகையை அஞ்சா பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு, அபராதம் எவ்வளவுன்னு நீங்களே பாருங்க. தங்க முடியாதா, பஸ் இருக்கு, ரயில் இருக்கு, கூலிக்கு டிரைவர் இருக்கார்.

2. காரை நிறுத்திட்டு நடங்க. ஒயிட் டவுன்ல இருந்து மிஷன் வீதி, நேரு வீதி எல்லாம் நடக்கிற தூரம். கடற்கரைச் சாலையில சாயங்காலத்துக்கு மேல வண்டியே விட மாட்டாங்க. நடக்கிறதுக்கு அதை விட நல்ல ஊர் கிடைக்காது.

3. சாவி ஒருத்தர்கிட்ட. காலை 11 மணிக்கே குடுத்துடணும். ராத்திரி 8 மணிக்குச் சண்டை போட்டு வாங்க முடியாது.

4. குடிக்காத நண்பர் ஒருத்தர் ஓட்டுறார்னா, அவரை முன்னாடியே கேளுங்க. கடைசி நேரத்துல தலையில கட்டாதீங்க. அவர் சாப்பாட்டுச் செலவு எல்லாரோடதும். "ஒரே ஒரு கட்டிங் அடிடா, கம்பெனி குடுடா"ன்னு அவரை நச்சரிக்கிறது நட்பு இல்ல. உங்க எல்லார் உயிரும் அவர் கையிலதான் இருக்கு.

5. வெறும் வயித்துல ஆரம்பிக்காதீங்க. ரவுண்டுக்கு நடுவுல தண்ணி. போதும்னு சொல்றவனை விடுங்க.

6. போதையில கடல்ல இறங்காதீங்க. நல்லா நீச்சல் தெரிஞ்சவனையே அலை இழுத்துட்டுப் போகும்.

7. யாராவது எழுப்பினாலும் எழுந்திருக்கல, இல்ல மயக்கத்துலயே வாந்தி எடுக்கிறாங்கன்னா, "தூங்கட்டும் விடு"ன்னு விடாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க, கூடவே இருங்க, 108-க்கு போன் பண்ணுங்க.

8. திரும்பும்போது டிக்கியில பாட்டில் அடுக்காதீங்க. எல்லைச் செக்போஸ்ட்ல பிடிச்சா வழக்கு, வண்டியும் பறிமுதல். விலை கம்மின்னு வாங்கினது ரொம்ப விலை ஆயிடும்.

கடைசியா ஒண்ணு, நமக்குள்ள. உங்க வண்டியில நம்ம கொடி இருக்கு, கண்ணாடியில தலைவர் ஸ்டிக்கர் இருக்கு. செக்போஸ்ட்ல ஊதச் சொன்னா "நாங்க யார் தெரியுமா"ன்னு கேக்காதீங்க. வட்டச் செயலாளருக்கு போன் போடாதீங்க. நடுராத்திரி வெயில் மழை பார்க்காம நின்னு ஊதச் சொல்ற அந்தக் காவலர், உங்க அம்மா சொல்ல நினைச்சதைத்தான் சொல்றார். கொடி கட்டின வண்டி மத்த வண்டியை விட ஒழுங்கா ஓடணும். அதுதான் அந்தக் கொடிக்கு மரியாதை.

எதிர்க்கட்சிக்காரன் ட்வீட்டுக்கு ரெண்டு நிமிஷத்துல பதில் போடுற நம்ம பசங்க, "ராத்திரி யார் ஓட்டுறது?"ங்கிற கேள்விக்கு ட்ரிப் கிளம்புறதுக்கு முன்னாடி பதில் போட முடியாதா?

உங்க குரூப்ல எப்பவும் பிளான் போடுற அந்த நண்பரைக் கமெண்ட்ல டேக் பண்ணுங்க. இந்தப் பதிவை அந்தக் குரூப்லயே ஷேர் பண்ணுங்க. கீழ ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "மச்சி, வர்ற பிளான் என்ன?"

தலை எண்ணிட்டுக் கிளம்புங்க. அதே எண்ணிக்கையோட திரும்பி வாங்க.

– தகவல் தொழில்நுட்ப அணி தன்னார்வலர்

#வர்ற_பிளான்_என்ன #தலை_எண்ணிக்_கிளம்பு