மூளையைப் பற்றிக் காதுக்குச் சொல்லுங்கள்

பாரிசவாதம் வந்தவரை அசைக்காமல் இருத்தி, பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ஒவ்வொரு சொட்டு இரத்தம் வரச் செய்தால் அவர் பிழைத்துவிடுவார் என்றொரு செய்தி பல வருடங்களாக வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுத்தாக வரும்போது சிலர் வாசிக்காமலே தள்ளிவிடுகிறார்கள். குரல் பதிவாக வரும்போது அப்படியல்ல. நிதானமாக, அக்கறையோடு, நம்முடைய தமிழிலேயே யாரோ ஒருவர் பேசுகிறார். அவர் யார், எங்கே படித்தவர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டு முடித்ததும் சாச்சிக்கும் மாமிக்கும் அனுப்பிவிடுகிறோம்.

அந்த வைத்தியத்துக்கு எந்த ஆதாரமும் கிடையாது. பெரும்பாலான பாரிசவாதங்களில் நடப்பது, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்று கட்டியினால் அடைபடுவதுதான். விரலில் குத்தி எடுக்கும் சொட்டு இரத்தத்துக்கும் அந்த அடைப்புக்கும் சம்பந்தமே இல்லை. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் இறக்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. ஆனால் நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன் மூளையை ஸ்கேன் எடுத்து, இது அடைப்பா அல்லது இரத்தக் கசிவா என்று பார்க்கவும் வேண்டும். கசிவு என்றால் அதே மருந்து ஆளையே கொன்றுவிடும்.

இனி நமது பிரதேசத்தை எண்ணிப் பாருங்கள். தோட்டத்தின் மேற்பிரிவில் உள்ள லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு இறங்கவே எவ்வளவு நேரம் செல்லும்? அங்கிருந்து இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ போய்ச் சேர எவ்வளவு நேரம்? இதில் ஊசி தேடுவதற்கும், எண்ணெய் தேய்ப்பதற்கும், காலையில் பார்ப்போம் என்று படுக்க வைப்பதற்கும் நேரம் எங்கே இருக்கிறது? வாய் ஒரு பக்கம் கோணினால், கை ஒன்று தூக்க முடியாமல் தொங்கினால், பேச்சுக் குழறினால் உடனே 1990க்கு அழைக்க வேண்டும் என்ற ஒரு வசனம் முன்கூட்டியே அந்த வீட்டுக்குள் போயிருந்தால் போதும். 2016இல் தொடங்கிய அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். அழைக்க வேண்டும் என்று தோன்றுவதற்கு ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொய் எந்த வழியால் வீட்டுக்குள் வருகிறதோ, அதே வழியால் உண்மையையும் அனுப்ப வேண்டும் என்பதே எனது கருத்து. மூளையைப் பற்றிய அறிவை ஒலி நிகழ்ச்சியாக, தமிழில், கேட்கக்கூடிய நடையில் செய்ய வேண்டும். புத்தகமும் துண்டுப்பிரசுரமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை போய்ச் சேராத இடங்கள் இருக்கின்றன. இந்தச் சஞ்சிகையும்தான் அங்கே போவதில்லை.

கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் விடியும்போதே பால் வெட்ட இறங்கிவிடுகிறார்கள். கொழுந்து பறிக்கும் அக்காமாருக்கும் கண்ணும் கையும் பகல் முழுக்க வேலையில் இருக்கும். காது மாத்திரம் சும்மா இருக்கும். அதனால்தான் இடுப்பில் செருகிய போனிலிருந்து பாட்டுக் கேட்கிறது. நமது வீடுகளிலும் இதுதான் நிலை. எங்கள் உம்மும்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் முடியும். ஆனால் முஸ்லிம் சேவையில் போன வாரம் யார் என்ன பேசினார் என்று கேட்டால் மரக்கறி வெட்டிக்கொண்டே ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவார். ரமழானில் ஸஹர் நேரத்து வானொலி இல்லாமல் அவருக்கு நோன்பே தொடங்காது. கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பர் 16இல். ஆக, இந்த நாட்டில் நூறு வருடமாகக் காதால் கேட்டுப் பழகிய மக்கள் நாம்.

படம் இல்லாமல் மூளையை எப்படி விளக்குவது என்று என் வகுப்புத் தோழியர் கேட்கிறார்கள். பரீட்சையில் மூளையின் படம் வரைந்து பெயரிட்டுப் பழகியவர்களுக்கு அது நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தமிழர் ஒருவரிடமே இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 2003இல் பிபிசி வானொலியின் ரீத் உரைகளை நிகழ்த்தினார். ஐந்து உரைகளும் மூளையைப் பற்றியவை. 1948 முதல் அறிஞர்கள் பேசிவரும் அந்த வரிசையில், விஞ்ஞானம் படிக்காதவர்களும் வீட்டிலிருந்து கேட்கும்படி அவர் பேசினார். அவர் மூளையின் பாகங்களை வரிசையாக ஒப்புவிக்கவில்லை. நோயாளிகளின் கதையைச் சொன்னார். கை வெட்டப்பட்ட ஒருவருக்கு, இல்லாத அந்தக் கை இன்னும் இருப்பதுபோலத் தெரிகிறது. அது வலிக்கவும் செய்கிறது. அவருடைய கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரலைத் தொட்டதுபோல உணர்கிறார். ஏன்?

ஆங்கிலத்தில் அவர் விளக்கியதை நமது ஊர் ஒலி நிகழ்ச்சியில் எப்படிச் சொல்லலாம் என்று நானே யோசித்துப் பார்த்தேன். மூளையின் மேற்பகுதியில் உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு காம்பரா இருக்கிறது, லயத்தைப் போல. கையின் காம்பராவுக்கு அடுத்த காம்பரா முகத்தினுடையது. கை போய்விட்டதும் அதன் காம்பராவுக்குச் செய்தி எதுவும் வருவதில்லை. வெறுமையாகக் கிடக்கும் அந்த இடத்துக்குள் பக்கத்துக் காம்பராக்காரர் மெல்ல நுழைந்துவிடுகிறார். இப்போது முகத்தைத் தொட்டால் கையின் காம்பராவிலும் சத்தம் கேட்கிறது. மூளையோ பழைய முகவரியையே வைத்துக்கொண்டு, “யாரோ கையைத் தொடுகிறார்கள்” என்று சொல்கிறது. இதற்கு ஒரு படமும் தேவைப்படவில்லை. லயத்தில் இருந்தவர்களுக்கு அடுத்த காம்பராச் சத்தத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ராமச்சந்திரன் அதோடு நிற்கவில்லை. ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். இருக்கும் கையை விரித்தால் இல்லாத கையும் விரிவதாகக் கண் காண்கிறது. இறுகிப்போயிருந்த வலி சிலருக்குத் தளர்ந்தது. எல்லோருக்கும் பலிக்கும் வைத்தியமல்ல இது. ஆனாலும் நமது நாட்டுக்கு எவ்வளவு தேவையான கதை! யுத்தத்தில் மிதிவெடியில் கால் இழந்தவர்கள் இருக்கிறார்கள். சீனி வியாதியால் கால் வெட்டப்பட்டவர்கள் நமது ஊர்களிலேயே இருக்கிறார்கள். இல்லாத கால் வலிக்கிறது என்று அவர் சொன்னால் வீட்டார் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் பயப்படுவார்கள். அது மூளையின் வேலை, புத்தி பேதலித்ததல்ல என்று ஒரு குரல் சொல்லியிருந்தால் அந்த மனிதர் தன் வலியை வாய்திறந்து சொல்லுவார்.

வலிப்பைப் பற்றி இதைவிடக் கட்டாயமாகப் பேச வேண்டும். வலிப்பு வந்த பிள்ளையின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது தோட்டத்திலும் உண்டு, நமது கிராமங்களிலும் உண்டு. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடும். சாவி தேடி எடுத்துவர அந்த ஓரிரு நிமிடம் போய்விடும். பெயர் சாவிக்குக் கிடைக்கிறது! சாவியால் பெரிய கெடுதி இல்லை என்று விட்டுவிடலாம். ஆனால் பல்லுக்கிடையில் கரண்டியைச் செருகுவது, வாயில் தண்ணீர் ஊற்றுவது, நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பது ஆகியவற்றால் பல் உடையும், மூச்சு அடைக்கும். செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தலைக்குக் கீழே மெதுவான எதையாவது வைத்து, பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் அம்புலன்ஸ்.

மூளையில் கோடிக்கணக்கான கலங்கள் முறை வைத்துப் பேசிக்கொள்கின்றன. ஆசிரியர் வெளியே போன எட்டாம் வகுப்பைப் போல எல்லாம் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்குவதுதான் வலிப்பு. இதற்குப் பேய் என்றும் ஜின் என்றும் பெயர் வைத்து ஒரு பெண்பிள்ளையின் படிப்பையும் கலியாணத்தையும் கெடுத்துவிடுகிறோம். நபி (ஸல்) அவர்களிடம் வந்த வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி, பொறுமையாக இருந்துகொள்கிறேன், வலிப்பு வரும்போது என் ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆச் செய்யுங்கள் என்று கேட்டதாக ஹதீஸில் படித்திருக்கிறோம். அந்தப் பெண்மணியின் கவலை இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் குறையவில்லை.

எந்தத் தமிழில் பேசுவது என்பதுதான் மிகப் பெரிய சிக்கல். நமது பாடப் புத்தகத்தில் “நீள்வளைய மையவிழையம்” என்று ஒன்று வரும். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அதற்கு “முகுளம்” என்று பெயர். பரீட்சைக்கு அந்த நீளச் சொல்லை நான் எழுதத்தான் வேண்டும். கொழுந்துக் கூடையோடு நிற்கும் ஒருவருக்கு எதற்கு? “மூச்சையும் இதயத்தையும் நாம் நினைக்காமலே நடத்திக்கொண்டிருக்கும் பகுதி” என்றால் முடிந்தது. இலங்கை வானொலிக்கு இந்த வித்தை முன்பே தெரிந்திருந்தது. “கோமாளிகளின் கும்மாளம்” என்ற நாடகத்தைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். மரிக்கார் முஸ்லிம்களின் பேச்சிலும், அப்புக்குட்டி யாழ்ப்பாணத்துப் பேச்சிலும், உபாலி சிங்களம் கலந்த தமிழிலும், ஐயர் பிராமணத் தமிழிலும் பேசி நாட்டையே சிரிக்க வைத்தார்கள். மரிக்காராக நடித்தவர் ராமதாஸ், ஐயராக நடித்தவர் பி. எச். அப்துல் ஹமீட். 1976இல் அது “கோமாளிகள்” என்று படமாகவும் வந்தது. ஒரே நிகழ்ச்சியில் நாலு தமிழ் பேசினால் கேட்பவர்கள் குழம்பவில்லை, இன்னும் கிட்ட வந்து உட்கார்ந்தார்கள். ஒரு தோட்டத்து அக்காவும் ஒரு மாவனல்லை உம்மாவும் ஒரு டொக்டரும் பேசிக்கொள்ளும் நிகழ்ச்சியில் மூளையைப் பற்றிச் சொல்ல ஏன் முடியாது?

அரைகுறையாகப் படித்தவர்கள் பேசினால் ஆபத்து என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். அமெரிக்காவில் ஜிஞ்சர் கேம்பல் என்ற பெண் வைத்தியர் 2006இல் மூளை விஞ்ஞானத்துக்கென்றே ஓர் ஒலித்தொடரை ஆரம்பித்தார். அவர் மூளை ஆராய்ச்சியாளர் அல்ல, அவசர சிகிச்சை வைத்தியர். ஆராய்ச்சி செய்தவர்களை அழைத்து, கேட்பவர்களுக்காகக் கேள்வி கேட்பதே தன் வேலை என்று வைத்துக்கொண்டார். உயர்தர மாணவிகளான நாமும் அந்த இடத்தில் நிற்கலாம். கேள்வி நம்முடையதாக இருக்கட்டும், பதில் வைத்தியருடையதாக இருக்கட்டும். வைத்தியர் கேட்டுச் சரி என்று சொல்லாத எதையும் வெளியிடக் கூடாது.

பெண்பிள்ளைகளின் குரல் வெளியே போவதா என்று தயங்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முஸ்லிம் சேவையில் “மாதர் மஜ்லிஸ்” நிகழ்ச்சி நமது உம்மாமார் காலத்திலேயே ஒலித்தது. அதைக் கேட்டு வளர்ந்த வீடுகள்தான் நம்முடையவை.

பெற்றோருக்கு இதில் சொந்த இலாபமும் இருக்கிறது. மனிதன் மூளையில் நூற்றுக்குப் பத்துப் பங்கைத்தான் பாவிக்கிறான் என்ற கதையை நம்பித்தான், கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்கப் பழக்கும் “நடுமூளை” வகுப்புகளுக்கும் ஞாபகசக்தி மருந்துகளுக்கும் காசு போகிறது. உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, நாம் சும்மா இருக்கும்போதும் உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. முக்கால்வாசி சும்மா கிடக்கும் பொருளுக்கு உடம்பு இவ்வளவு சாப்பாடு போடுமா? படித்தது மனதில் நிலைப்பதற்கு நித்திரை வேண்டும் என்ற செய்தியையும் ஒரு நிகழ்ச்சியில் சேர்த்துவிட்டால், பரீட்சைக்கு முதல்நாள் இரவு எங்களைத் தூங்க விடுவார்கள்.

ஸ்டூடியோ கட்டத் தேவையில்லை. ஜன்னலை மூடிய ஒரு வகுப்பறையும் ஒரு போனும் போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் டேட்டா காசு. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு கேள்விதான். அந்தக் கேள்வியையும் நாம் கற்பனை செய்யாமல், பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காமாரிடமும் தோட்டத்து டிஸ்பென்சரியிலும் கேட்டு எடுக்க வேண்டும். தோட்டத்திலிருந்து வந்து நம்மோடு படிக்கும் தோழியர் அதற்கு வழிகாட்டுவார்கள். அங்கே எந்தச் சொல் விளங்கும், எது விளங்காது என்று என்னைவிட அவர்களுக்குத்தான் தெரியும். முதல் நிகழ்ச்சி விரலில் ஊசி குத்துவதைப் பற்றியதாக இருக்கட்டும். பதிவைக் கேட்டுத் திருத்தித் தர ஒரு வைத்தியர் முன்வந்தால், அடுத்த தவணை விடுமுறையிலேயே அதைச் செய்ய எங்கள் உயிரியல் வகுப்புத் தயார்.