கண் வில்லையும் தலைவிதியும்

நம் நாட்டில் ஒருவருக்கு வயது அறுபதைத் தாண்டிக் கண் மங்கினால், வீட்டார் சொல்லும் முதல் சமாதானம் "வயசானால் அப்படித்தான்" என்பதும், இரண்டாவது சமாதானம் "எல்லாம் தலையெழுத்து" என்பதுமாகவே இருந்து வருகின்றது. முதல் வார்த்தையில் பாதி உண்மை உண்டு. இரண்டாவதில் கடுகளவும் கிடையாது. கண்புரை என்பது கண்ணுக்குள் இருக்கின்ற வில்லை கலங்கிப்போவதே அல்லாமல் வேறல்ல. கலங்கியதை எடுத்துவிட்டு நல்ல வில்லை ஒன்றை வைத்தால், கண்ணில் வேறு கோளாறு இல்லாதவரை, பார்வை திரும்புகின்றது. பிரமன் எழுதிய எழுத்து அரைமணி நேர ஆபரேஷனில் அழிந்துபோகுமானால், அந்த எழுத்துக்கு என்ன யோக்கியதை இருக்கமுடியும் என்று கேட்கின்றோம்.

இந்த வில்லை எந்த ரிஷியின் ஞானதிருஷ்டியிலும் தோன்றியதல்ல. இரண்டாவது உலக யுத்தத்தில் விமானங்களின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி உடைந்து, அதன் துணுக்குகள் சில விமானிகளின் கண்களுக்குள் புகுந்துவிட்டன. அவை உள்ளேயே கிடந்தும் கண் பெரிதாகக் கெட்டுப்போகவில்லை என்பதை இங்கிலாந்து தேசத்து டாக்டர் ஹரால்டு ரிட்லி என்பவர் கவனித்தார். புரை ஆபரேஷனைப் பார்த்துக் கொண்டிருந்த மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொன்று வைக்கக்கூடாதா என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் அதிகப்பிரசங்கித்தனம் என்று தள்ளிவிடவில்லை. 1949 நவம்பர் 29ந் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாளுக்குச் செயற்கை வில்லைக்கான முதல் ஆபரேஷனைச் செய்தார்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. வில்லையின் சக்திக் கணக்கு தவறி, அந்த அம்மாளுக்குக் கிட்டப்பார்வை மிக அதிகமாக ஏற்பட்டது. பெயர்பெற்ற கண் டாக்டர்களே அவரை எதிர்த்தார்கள். ஆனால் இது விஞ்ஞானம். ஆகையால் தவறு மறைக்கப்படாமல் திருத்தப்பட்டது. இன்று கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து, அவரவர் கண்ணுக்கு ஏற்ற வில்லையே வைக்கப்படுகின்றது. எதிர்க்கப்பட்ட அதே ரிட்லிக்கு 2000ம் வருஷத்தில் சர் பட்டம் கொடுக்கப்பட்டது.

"இதெல்லாம் சுசுருதர் அன்றே செய்ததுதானே" என்று சொல்லும் பண்டிதர்கள் உண்டு. சுசுருத சம்ஹிதையில் புரைக்குச் சிகிச்சை சொல்லியிருப்பது வாஸ்தவந்தான். அக்காலத்தில் அது பெரிய காரியம் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் புரையை வழியிலிருந்து விலக்குவது வேறு, அவ்விடத்தில் புது வில்லை வைப்பது வேறு. புரையை எடுத்துவிட்டு வில்லை வைக்காமல் விட்டகாலத்தில் ஜனங்கள் பட்ட பாட்டை நம் தாத்தா பாட்டிகளின் சோடாபுட்டிக் கண்ணாடியே சொல்லும். அதைப் போட்டால் பொருள்கள் ஏறக்குறையக் கால்பங்கு பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் வருகிறவன் தெரியமாட்டான், கழற்றிவிட்டாலோ எல்லாம் ஒரே மங்கல். பழம்பெருமை பேசுவதனால் அந்தக் கண்ணாடியின் கனம் ஒரு குன்றிமணி எடையாவது குறைந்ததா?

நிற்க, இது பணக்காரர் வைத்தியம் என்று பயப்படவும் வேண்டியதில்லை. ஒருகாலத்தில் வில்லை வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்தது. 1992ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் அதைச் செய்யத் தொடங்கியபின் விலை பலமடங்கு இறங்கிற்று. அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் முகாம்களிலும் ஏழைகளுக்கு இலவசமாகவே வைக்கப்படுகின்றது.

இனி, வில்லை வைத்துக்கொண்டவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை. இயற்கை வில்லை இளமையில் கிட்டத்திற்கும் தூரத்திற்கும் தக்கபடி வளைந்து கொடுக்கும். சாதாரணச் செயற்கை வில்லை அப்படி வளையாது. ஆதலால் தூரம் தெளிவாகத் தெரிந்தாலும் பத்திரிகை படிக்கவும் ஊசி கோக்கவும் கண்ணாடி வேண்டியிருக்கலாம். அது ஆபரேஷன் கெட்டுப்போனதன் அடையாளமல்ல. பழைய வில்லை பழுப்பேறி இருந்ததால், இப்போது வெள்ளை வேஷ்டி அதிக வெள்ளையாகவும் நீலம் அதிக நீலமாகவும் தெரியும். வில்லை பொதுவாக ஆயுள் முழுதும் இருக்கும், அதில் மறுபடி புரை விழாது. சிலருக்கு மாதங்களோ வருஷங்களோ கழித்து வில்லைக்குப் பின்னால் உள்ள மெல்லிய உறை மங்கும். உடனே "சாமி குத்தம், புரை திரும்பிவிட்டது" என்று பூசாரியிடம் ஓடுகிறார்கள். ஓடவேண்டிய இடம் கண் டாக்டர் வீடு. லேசர் கதிரால் சில நிமிஷங்களில் அந்த உறையில் வழி திறந்துவிடுவார்கள்.

ஆபரேஷனுக்குப் பின் சொட்டு மருந்தைச் சொன்னபடி விடவேண்டும், கண்ணைக் கசக்கக்கூடாது. தாய்ப்பால், பச்சிலைச் சாறு, கோவில் தீர்த்தம் எதையும் கண்ணில் விடவே கூடாது. கிருமி புகுந்தால் வந்த பார்வையும் போய்விடும். வலி, சிவப்பு, மின்னல் போன்ற ஒளி, திரை விழுந்தாற்போன்ற மறைப்பு ஏற்பட்டால் அமாவாசை, அஷ்டமி பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள், வில்லை வைத்துவிட்டோம் என்று இருந்துவிடாமல், விழித்திரையையும் அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. வீட்டில் ஆண்பிள்ளைக்குக் கண் மங்கினால் உடனே வண்டி கட்டுகிறார்கள். கிழவிக்கு மங்கினால் "முற்றட்டும், தைப் பிறக்கட்டும், இனிமேல் இவள் எதைப் பார்க்கப்போகிறாள்" என்கிறார்கள். புரை முற்றும்வரை காத்திருக்க இன்றைய வைத்தியத்தில் அவசியமில்லை. காத்திருந்தால் ஆபரேஷன் கஷ்டமாகும் என்பதுதான் மிச்சம். அவள் எதைப் பார்ப்பாள் என்றால், சோற்றிலுள்ள கல்லைப் பார்ப்பாள், படியைப் பார்த்து இறங்குவாள், பேரப்பிள்ளை முகத்தைப் பார்ப்பாள், பிறர் கையைப் பிடிக்காமல் கொல்லைக்குப் போய் வருவாள். இவ்வளவையும் ஒரு மனுஷிக்கு இல்லாமல் செய்வது விதியல்ல, வீட்டார்.

ஆகவே தோழர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ கண் மங்கிய கிழவனோ கிழவியோ இருந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டாதீர்கள். நாளைக் காலையிலேயே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.