காருக்கு இடம் உண்டு, கைவண்டிக்கு?

தாராவியில் நெரிசல் தாங்கவில்லை என்கிறார்கள். தொண்ணூறடி ரோட்டில் வண்டி நகரவில்லையாம். அறுபதடி ரோட்டில் வண்டி நிறுத்த இடமில்லையாம். இந்த நோய்க்கெல்லாம் ஒரே மருந்து மறுவளர்ச்சித் திட்டம்தானாம்! நெரிசல் இருப்பது உண்மை. அதில் அன்றாடம் இடிபடுகிறவர்களே நாம்தான். ஆனால் யாருடைய வண்டிக்கு இடம் தேடுகிறார்கள்? அதைத்தான் நாம் கேட்டாக வேண்டும்.

சுமார் 600 ஏக்கர் நிலம். 2022 நவம்பரில் நடந்த ஏலத்தில் அதானி குழுமம் வென்றது. 80 பங்கு கம்பெனிக்கு, 20 பங்கு மாநில அரசுக்கு. 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்கிறது திட்டம். அதன் பிறகு வந்தவரும் மேல்மாடியில் இருப்பவரும் வெளியே போக வேண்டும். மீதி நிலத்தில் விற்பனைக்கான கட்டடங்கள் எழும்.

இப்போது வாகனக் கணக்கைப் பாருங்கள். மும்பையின் 2034 வளர்ச்சி விதிகளில் வீட்டின் பரப்பை வைத்துத்தான் கார் நிறுத்தும் இடத்தைக் கணக்கிடுகிறார்கள். 45 சதுர மீட்டருக்கு உட்பட்ட வீடு என்றால் நான்கு வீட்டுக்கு ஒரு கார். 90 சதுர மீட்டரைத் தாண்டினால் ஒரே வீட்டுக்கு இரண்டு கார். நமக்குக் கிடைக்கும் 350 சதுர அடி என்பது சுமார் 32 சதுர மீட்டர். அதாவது பெரிய வீட்டுக்காரர் ஒருவருக்கு ஒதுக்கும் இடம், நம்மில் எட்டுக் குடும்பத்துக்கு ஒதுக்கும் இடம்! நமக்குக் கார் இல்லையே, கவலை எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் கார்கள் எல்லாம் காலையில் வெளியே வரப்போவது எந்த ரோட்டுக்கு? நாம் நடக்கும் ரோட்டுக்குத்தான்.

தாராவியின் தெரு வெறும் போக்குவரத்துப் பாதை அல்ல. தோல் வருவதும் பை போவதும் அதில்தான். கும்பார்வாடாவில் பானை காய்வது தெருவில். பழைய பிளாஸ்டிக்கைப் பிரிப்பது தெருவில். நம் தாய்மார்கள் விடியுமுன் அவித்த இட்லி வியாபாரத்துக்குப் புறப்படுவதும் அதே தெருவிலிருந்துதான். கைவண்டியும் டெம்போவும் நின்று சரக்கு இறக்காத நாளில் இங்கே அடுப்பு எரியாது. ரயில்வேயில் ஒரு கூட்ஸ் ஷெட் கட்டுவதென்றால்கூட, எத்தனை வேகன் வரும், எத்தனை லாரி நிற்கும் என்று முதலில் கணக்கெடுப்பார்கள். இத்தனை பட்டறைகள் உள்ள ஊரில் எத்தனை கைவண்டி ஓடுகிறது என்று எண்ண ஓர் ஆளையாவது அனுப்பினார்களா?

வெளியே அனுப்புவதிலும் போக்குவரத்துச் சங்கதி இருக்கிறது. தேவனார், முலுண்ட் என்று இடங்கள் சொல்லப்படுகின்றன. இன்று வீட்டிலிருந்து பட்டறைக்கு ஐந்து நிமிடத்தில் நடந்து போகிறவர், நாளை அங்கிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் வந்தாக வேண்டும். நடந்து போனவர்களை எல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டு நெரிசலைக் குறைத்தோம் என்பது என்ன கணக்கு?

வேலை நடக்கும் காலத்துக்கு என்ன ஏற்பாடு? 1912-ல் கட்டிய சயான் ரயில்வே மேம்பாலத்தை 2024 ஆகஸ்ட் 1 அன்று வாகனங்களுக்கு மூடினார்கள். பாலம் பழசு, புதிய ரயில் பாதைகளுக்கும் இடம் வேண்டும். கட்டட்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பாலம் மூடியதற்கே சரக்கு வண்டிகள் ஊரைச் சுற்ற வேண்டியதாயிற்று. 600 ஏக்கரையும் தோண்டி, மண் லாரியும் சிமெண்டு லாரியும் இரவு பகலாக ஓடும்போது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எந்த வழியாக நடப்பார்கள்?

தோழர்களே, நாம் திட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கழிப்பறைக்கு வரிசையில் நிற்பதில் நமக்கு என்ன பெருமை? நல்ல வீடும் வேண்டும், அகலமான ரோடும் வேண்டும். அத்தோடு நம் பிழைப்பும் வேண்டும். கேட்பது இவைதான்: ரோடு வரைபடத்தை முடிவு செய்யுமுன் கைவண்டி, டெம்போ, நடைபாதைக் கடை, நடந்து போவோர் எல்லாவற்றையும் எண்ணுங்கள். ஒவ்வொரு பட்டறைக் கட்டடத்தின் அடியிலும் சரக்கு ஏற்றி இறக்க இடம் விடுங்கள். சயான், மாஹிம், மாதுங்கா ஸ்டேஷன்களுக்குத் தடையில்லாத நடைபாதை போடுங்கள்.

நடைபாதை வியாபாரிகளுக்கு ஒரு சொல். 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம், கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது. விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கார் நிறுத்த இடம் வேண்டும் என்று யாராவது உங்கள் கூடையைத் தூக்க வந்தால், இந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள்.

அவர்கள் எண்ணவில்லை என்றால் நாமே எண்ணுவோம். தெருவுக்கு இரண்டு இளைஞர்கள், ஒரு நோட்டு, ஒரு வாரம் போதும். காலை ஆறு மணி முதல் இரவு பத்து வரை போகிற வருகிற வண்டியையும் கடையையும் குறியுங்கள். அந்தக் கணக்கை மனுவோடு சேர்த்து, மறுவளர்ச்சி அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி வருவோம். மராட்டியத் தோழர்களும் குஜராத்திக் குயவர்களும் உத்தரப் பிரதேசத்துத் தொழிலாளிகளும் இதே தெருவில்தான் பிழைக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டே போவோம்.