சும்மாதானே இருக்கறீங்க, ஒரு இருபது பின்னிக் குடுங்க!

எங்க காங்கேயம் பக்கம் வந்து "எனக்கு நிட்டிங் தெரியும்"னு சொல்லிப் பாருங்க. "அப்படிங்களா, எத்தனை மிஷின் ஓடுது?"ன்னுதான் அடுத்த கேள்வி வரும். இங்க நிட்டிங்னா, வட்டமா சுத்திச் சுத்தி குழாய் மாதிரி பனியன் துணி இறங்கற மிஷின். ரெண்டு ஊசியும் ஒரு நூல்கண்டும் வச்சுக்கிட்டு திண்ணையில உக்காந்து பின்றது யாருக்கும் ஞாபகம் வராது. அதுவும் சரிதான். எங்க ஊரு வெயிலுக்கு ஸ்வெட்டர் பின்னி யாருக்குப் போடறது, காங்கேயம் காளைக்கா? :-)

ஆனா சின்னச் சின்ன சாமான் செய்யறவங்க இங்க நிறைய இருக்காங்க. வாசல் தோரணம், கொலுவுக்குத் துணிப் பொம்மை, கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை, கிறிஸ்துமஸுக்கு நூல் நட்சத்திரம், சாவிக்கொத்துல தொங்கற குட்டி யானை. போன தலைமுறையில டிவிக்கு குரோஷா உறை, தலையணை உறையில 'ஸ்வீட் ட்ரீம்ஸ்', கண்ணாடிச் சட்டத்துக்குள்ள உல்லன் கிளி. எல்லாரு வீட்லயும் ஒண்ணாவது இருந்திருக்கும். நானும் இந்தக் கோஷ்டிதான். கையில குரோஷா ஊசி இல்லாட்டி எனக்கு டிவி பாக்கவே வராது.

இந்தப் பதிவு எப்படிப் பின்றதுங்கறதைப் பத்தி இல்லைங்க. அதுக்கு வீடியோ கொட்டிக் கிடக்குது. 'கையால செஞ்ச அன்புப் பரிசு'ன்னு சொல்றோமே, அந்த 'அன்பு'ங்கற சொல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கற கூலியைப் பத்தி ரொம்ப நாளா ஒரு பொருமல். அதைத்தான் இறக்கி வைக்கப் போறேன்.

மொதல்ல சாமான் கணக்கு. திருப்பூர் பக்கத்துல இருக்கறவங்களுக்கு இதுல ஒரு வசதி உண்டு. பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்குல கிடைக்கும். அதுல நல்ல துண்டாப் பாத்து எடுத்து, குறுக்குவாட்டுல ஒரு இஞ்ச் அகலத்துக்கு நாடா நாடாவா வெட்டி, ரெண்டு முனையையும் புடிச்சு இழுத்தீங்கன்னா ஓரம் தானாச் சுருண்டு கயிறு மாதிரி ஆயிடும். பின்னல் துணியில முன்பக்கம் ஒரு மாதிரியும் பின்பக்கம் வேற மாதிரியும் வளையம் விழறதால வர்ற குணம் அது. நெசவுத் துணியை இப்படி வெட்டினா நூல் நூலாப் பிரிஞ்சு வந்துரும். இந்தப் பனியன் கயித்துல மிதியடி, பை, தோரணம் எல்லாம் போடலாம். மிச்சம் மீதியைப் பொம்மைக்கு உள்ள அடைச்சுக்கலாம்.

ஆக, சாமானுக்குப் பெருசா செலவில்லை. அப்ப விலை எதுல இருக்கு? நேரத்துல. அந்த நேரத்தைத்தான் யாரும் கணக்குல சேக்கறதில்லை.

எங்க சொந்தத்துல ஒரு விசேஷம். ஒரு பெரியம்மா போன்ல கூப்புட்டு, "ஏங்கண்ணு, ஊட்ல சும்மாதான இருக்கற? வர்றவங்களுக்குக் குடுக்க அந்த யானைப் பொம்மையில ஒரு இருபது போட்டுக் குடு சாமி, நூல் காசு குடுத்தர்றேன்"னாங்க. தப்பா நினைச்சுச் சொல்லலை, ஆசையாத்தான் கேட்டாங்க. உள்ளங்கை அளவு யானை ஒண்ணுக்கு எனக்கு மூணு மணி நேரம் ஆகுது. இருபதுக்கு அறுபது மணி நேரம். அதாவது எட்டு மணி நேர வேலைன்னா ஏழரை நாள்! அந்த ஏழரை நாளுக்குப் பேருதான் 'சும்மா'.

இப்ப ஒரு கணக்கு போடலாம். நூறு நாள் வேலைக்கு 2025-26ல தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச கூலி நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்துல வகுத்தா மணிக்கு 42. மூணு மணி நேர யானைக்குக் கூலி மட்டும் 126 ரூபாய். நூல், பஞ்சு, கண்ணு, பொத்தான் எல்லாம் தனி. ஆனா சந்தையில அந்த யானையை எண்பதுக்கும் நூத்துக்கும் கேக்கறாங்க. குடுக்கவும் ஆள் இருக்கு.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. ஸ்வெட்டர் பின்ன மிஷின் இருக்கு, பனியனுக்கு இருக்கு, லேஸுக்குக்கூட இருக்கு. குரோஷாவுக்கு மட்டும் ஆலைக் கணக்குல ஓடற மிஷின் இன்னிக்கு வரைக்கும் கிடையாது. குரோஷா மாதிரியே தெரியற துணியை மிஷின் குடுக்கும், ஆனா நிஜமான குரோஷா முடிச்சைக் கைதான் போடணும். அதனால எந்தக் கடையில எந்த விலைக்கு குரோஷா சாமானைப் பாத்தாலும், எங்கயோ ஒரு மனுசர் உக்காந்து ஒவ்வொரு முடிச்சாப் போட்டதுதான் அது. விலை ரொம்பக் கம்மியா இருந்தா, அந்தத் தள்ளுபடியைக் குடுத்தது கடைக்காரர் இல்லை.

இது புதுக் கதையும் இல்லை. 1819ல நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் தம்பதி சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட். மார்த்தாம்மா அங்க பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வச்சு லேஸ் பின்னச் சொல்லிக் குடுத்தாங்க. திருவிதாங்கூர்ல அடிமை முறை இருந்த காலம் அது (1855லதான் ஒழிச்சாங்க). லேஸ் வித்த காசைச் சேத்து வச்சு தங்களோட அடிமை விலையைக் கட்டி விடுதலை வாங்கின பெண்கள் உண்டுன்னு மிஷன் வரலாறு சொல்லுது. அவங்க பொண்ணு எலிசா, 1844ல கல்யாணம் ஆகி இடையன்குடிக்குப் போய் அங்கயும் லேஸ் பள்ளி ஆரம்பிச்சாங்க. மாப்பிள்ளை யாருன்னு கேக்கறீங்களா? நம்ம ராபர்ட் கால்டுவெல்! 1856ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம் எழுதினாரே, அவரேதான். அவரைத் தெரியாத தமிழ்ப் பதிவர் இருக்க முடியாது. அவங்க வீட்டம்மா தேரிக்காட்டுல பெண்களுக்குக் கைத்தொழில் கத்துக் குடுத்ததை எத்தனை பேர் எழுதியிருக்கோம்?

அந்த லேஸ் வேலையில எனக்குப் பெருசாத் தெரியறது பின்னலோட அழகு இல்லை. செஞ்சதுக்குக் காசு வந்தது. அந்தக் காசு கையில இருந்ததாலதான் ஒரு பொண்ணு தன்னைத் தானே மீட்டுக்க முடிஞ்சுது.

காசைக் கணக்குல எடுக்காம விட்டா என்ன ஆகும்? அதுக்கு ஆந்திராவுல நர்சாபூர் இருக்கு. கோதாவரி டெல்டா. அங்கயும் மிஷனரிகள் மூலமா வந்ததுதான் குரோஷா லேஸ். மரியா மீஸ்னு ஒரு ஜெர்மன் சமூகவியலாளர் (2023ல காலமானாங்க) அங்க போய் ஆராய்ச்சி பண்ணி 1982ல புத்தகமாப் போட்டாங்க. வீட்டு வேலையெல்லாம் முடிச்சு, அதுக்கு மேல ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் லேஸ் பின்ன பெண்களுக்குக் கிடைச்ச கூலி, வயல்ல வேலை செஞ்ச பெண்களோட கூலியைவிடக் கம்மி. காரணம்? 'இவங்க தொழிலாளி இல்லை, குடும்பப் பெண்கள், ஓய்வு நேரத்துல பொழுதுபோக்கா செய்யறாங்க'ன்னு வியாபாரிகளும் சொன்னாங்க, வீட்லயும் சொன்னாங்க, கடைசியில அந்தப் பெண்களே நம்பிட்டாங்க. வெளிய வேலைக்குப் போறதில்லைங்கற பெருமைக்குக் குடுத்த விலை அது. ஏற்றுமதிப் பணம் போன இடம் வேற.

சரி, நம்ம பக்கம் வருவோம். திருப்பூர்ல டெய்லருக்குப் பீஸ் ரேட் உண்டு, ஷிப்ட் கூலி உண்டு, ஒன்றரை ஷிப்ட் போட்டா அதுக்கும் கணக்கு உண்டு. அதெல்லாம் தானா வரலைங்க. 1984ல பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊரு அது. கம்பெனியில நூறு பேர் ஒண்ணா இருந்தாங்க, நிறுத்தினாங்க. வீட்டுக்குள்ள ஒத்தையில உக்காந்து பிசிறு வெட்டறவங்களும், மணி கோக்கறவங்களும், பொம்மை பின்றவங்களும் யாரோட சேந்து எதை நிறுத்தறது? வீட்டுல இருந்து வேலை செய்யறவங்களும் தொழிலாளிதான்னு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996லயே ஒரு உடன்படிக்கை (எண் 177) போட்டுச்சு. அதுக்கு முன்ன நின்னு பாடுபட்டவங்கள்ல நம்ம நாட்டு இளா பட்டும் அவங்க ஆரம்பிச்ச 'சேவா'வும் உண்டு. ஆனா இந்தியா இன்னும் அதுல கையெழுத்துப் போடலை.

இப்பத்தான் எனக்கு அடி விழப்போற இடம் வருது. நான் கேக்கறது கடைக்காரங்களை இல்லை. என்னை மாதிரிப் பொழுதுபோக்குக்குப் பின்ற நம்மளைத்தான். "எனக்கென்ன இதுலயா சோறு, நூல் காசு வந்தாப் போதும்"னு அம்பது ரூபாய்க்கு விக்கறோம் பாருங்க, அது பெருந்தன்மை இல்லை. அதே யானையைப் பின்னி ஸ்கூல் பீஸ் கட்டற ஒரு பொண்ணு பக்கத்துத் தெருவுல இருக்கா. அவ நூத்தி அறுபது சொன்னா, "அந்தக்கா அம்பதுக்குக் குடுக்கறாங்களே"ன்னு நம்மளைக் காட்டித்தான் அவகிட்டப் பேரம் பேசறாங்க.

"அப்படி விலை வச்சா எவன் வாங்குவான்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. சில சாமான் விக்காதுதான். விக்காட்டி வேண்டாமே! மூணு மணி நேரத்து யானையை விட்டுட்டு அரை மணி நேரத்துல முடியற தோரணப் பூவைச் செய்யலாம். இல்லையா, பிடிச்சவங்களுக்குச் சும்மாவே குடுக்கலாம். முழுசாக் குடுத்தா அது பரிசு, முழு விலைக்கு வித்தா அது தொழில். ரெண்டுக்கும் நடுவுல 'நூல் காசு மட்டும்'னு ஒரு இடம் இருக்கே, அதுதான் யாருக்கும் நல்லதில்லை.

பரிசுன்னாலும் கை வேலைக்குக் கூலி இருக்கணும்ங்கறதுக்கு நம்ம கடலோரத்துலயே உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம், ஆரோவில்ல இருக்கற உபாசனாங்கற துணி வடிவமைப்பு நிறுவனம், உமா பிரஜாபதி தலைமையில, மீனவப் பெண்களுக்கு மிச்சத் துணியில விரல் அளவு பொம்மை செய்யக் கத்துக் குடுத்தாங்க. பேரு 'சுனாமிகா'. அதை விக்கறதே இல்லை, சும்மாதான் குடுப்பாங்க. பிடிச்சவங்க நன்கொடை தரலாம். அந்தப் பணத்துல இருந்து செஞ்ச பெண்களுக்கு வருமானம் போச்சு. கவனிங்க, வாங்கறவங்களுக்குத்தான் இலவசம், செஞ்ச கைக்கு இல்லை.

பெரியம்மாவுக்கு என்ன சொன்னேன்னு கேக்கறீங்களா? அஞ்சு யானை என்னோட பரிசா போட்டுத் தர்றேன், மிச்சம் பதினஞ்சுக்கு ஒரு பொண்ணு இருக்கா, ஒண்ணு நூத்தி அறுபது, சம்மதமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இத்தூண்டு யானைக்கு மூணு மணி நேரமா கண்ணு?"ன்னாங்க. பத்து வாங்கிக்கிட்டாங்க.

பின்றவங்க, தைக்கறவங்க யாராச்சும் இருந்தீங்கன்னா ஒண்ணு மட்டும் செய்யுங்க. அடுத்து செய்யற சாமானோட அட்டையில விலைக்குப் பக்கத்துல 'மூணு மணி நேரம்'னு எழுதி விடுங்க. பரிசாக் குடுத்தாலும் எழுதுங்க. உங்க சாமானுக்கு எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு பின்னூட்டத்துல சொன்னா, நாமளே ஒரு பட்டியல் போட்டுரலாம்.

பி.கு: "ஆம்பளைங்க பின்னக் கூடாதா?"ன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு: தாராளமா வாங்க. திருப்பூர்ல நிட்டிங் மிஷினை ஓட்டறது பெரும்பாலும் ஆம்பளைங்கதான். ஊசி சின்னதானா மட்டும் ஏன் அது பொம்பளை வேலை ஆயிடுது? அது அடுத்த பதிவுக்கு :-)