சட்டமா, அனுமதிச் சீட்டா?

“குப்பை மின்னஞ்சலைச் சட்டம் போட்டு ஒடுக்க முடியுமா?” என்று கேட்டால் உடனே உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. “அனுப்புகிறவன் எந்தத் தேசத்தில் உட்கார்ந்திருக்கிறானோ! அவன் பெயர் பொய், முகவரி பொய். அவனை எந்தப் போலீஸ் பிடிக்கும்?” என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் தோற்றுவிட்டது என்று தீர்ப்புக் கூறுமுன், எந்தச் சட்டம் தோற்றது, அது ஏன் தோற்றது என்று பார்க்க வேண்டாமா?

முதலில் நோயின் மூலத்தைக் காண்போம். தபாலில் விளம்பரம் அனுப்பும் வணிகன் ஒவ்வொரு உறைக்கும் தபால்தலை ஒட்டுகிறான். ஆகவே யாருக்கு அனுப்புவது என்று எண்ணிப் பார்க்கிறான். மின்னஞ்சலில் அந்தக் கவலை இல்லை. நூறு பேருக்கு அனுப்பினாலும் கோடிப் பேருக்கு அனுப்பினாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். 2008-ல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் குப்பை அஞ்சல் அனுப்பும் ஒரு வலையமைப்புக்குள் நுழைந்து கணக்கெடுத்தார்கள். 26 நாட்களில் ஏறத்தாழ 35 கோடி அஞ்சல்கள். பொருள் வாங்க முன்வந்தவர்களோ 28 பேர்!

28 பேருக்காக 35 கோடி முறை கதவைத் தட்டுகிறார்கள். அந்தச் செலவை யார் சுமக்கிறார்கள்? அனுப்பியவன் அல்ல. அஞ்சலைச் சுமக்கும் நிறுவனங்களும், குப்பையைக் கிளறும் நாமும் சுமக்கிறோம். வேலைக்கான அழைப்பு வடிகட்டியில் சிக்கி மறைந்துபோன இளைஞனும், பரிசு விழுந்தது என்ற பொய்யை நம்பிச் சேமிப்பைப் பறிகொடுத்த முதியவரும் சுமக்கிறார்கள்.

இதைத் தடுக்க அமெரிக்கா 2003 டிசம்பரில் ஒரு சட்டம் செய்தது. கேன்-ஸ்பாம் என்பது அதன் சுருக்கப் பெயர். ஜனாதிபதி புஷ் கையெழுத்திட, 2004 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பொய்யான அனுப்புநர் பெயர் கூடாது, ஏமாற்றுத் தலைப்பு கூடாது, உண்மையான அஞ்சல் முகவரி வேண்டும், ‘வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும் என்றெல்லாம் விதித்தது. நல்லவைதாம். மறுக்கவில்லை.

ஆனால் அடிப்படையில் அது என்ன சொன்னது? கேளாமலே அனுப்பலாம் என்றது! முதல் அடி உன் முதுகில் விழட்டும். பிறகு ‘இனி அடிக்காதே’ என்று நீ மனுக் கொடுத்துக்கொள் என்றது. ஆயிரம் வணிகர் இருந்தால் ஆயிரம் மனு! எத்தனுக்கு ‘வேண்டாம்’ என்று பதில் எழுதினாலோ, இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

அதோடு நின்றதா? கலிபோர்னியா மாநிலம் அதே 2003-ல் கடுமையான சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. முன் ஒப்புதல் பெறாமல் விளம்பரம் அனுப்பக் கூடாது. அனுப்பினால் பெற்றவரே வழக்குத் தொடுத்து, அஞ்சலுக்கு 1,000 டாலர் வரை கேட்கலாம் என்றது அந்தச் சட்டம். மத்தியச் சட்டம் வந்து அதை முளையிலேயே கிள்ளிவிட்டது. தொல்லைப்பட்ட குடிமகன் வழக்குப் போடும் உரிமையும் போயிற்று. “அனுப்பலாம், தாராளமாக அனுப்பலாம்!” என்று அச்சட்டத்தின் பெயரையே திருப்பிக் கேலி செய்தார்கள் அதை எதிர்த்தவர்கள். தோற்றது சட்டம் என்ற கருவியா? அல்லது சட்டம் என்ற பெயரில் வந்த அனுமதிச் சீட்டா?

ஆஸ்திரேலியாவும் 2003-லேயே சட்டம் செய்தது. ஆனால் ஒப்புதல் முதலில், அஞ்சல் பிறகு என்றது. 2023-ல் அந்நாட்டின் பெரிய வங்கியான காமன்வெல்த் வங்கி, விதிக்கு மாறாக 6½ கோடி அஞ்சல்களை அனுப்பியதற்காக 35½ லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் கட்டியது. பெயரும் முகவரியும் உள்ள வணிகனைச் சட்டம் தொடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

“சரி, பெயரில்லாத எத்தனை என்ன செய்வது?” என்பார்கள். எத்தன் மறைந்திருக்கலாம், அவன் பணமும் இயந்திரமும் மறைந்திருக்க முடியாது. 2008 நவம்பரில் கலிபோர்னியாவில் மக்கோலோ என்ற ஒரே நிறுவனத்தின் இணைய இணைப்பைத் துண்டித்தார்கள். உலகத்துக் குப்பை அஞ்சலில் பாதிக்கும் மேல் அப்படியே நின்றது! பிறகு வேறு இடங்களிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பியது. தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பதற்கு அதுவே பாடம். 2011-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இத்தகைய அஞ்சல்கள் விளம்பரம் செய்த மருந்து, போலிச் சரக்கு, மென்பொருள் ஆகியவற்றில் 95 சதவீதத்தின் பணம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வங்கிகள் வழியாகவே போகிறது என்று காட்டியது. ஆகவே சட்டம் பிடிக்க வேண்டிய இடம் அனுப்புகிறவனின் நிழல் அல்ல. அவன் கல்லாப் பெட்டி.

இந்தியாவில் என்ன நடந்தது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-ஏ என்றொரு பிரிவு 2009-ல் நடைமுறைக்கு வந்தது. தொல்லை தரவோ, அனுப்பியவர் யார் என்று ஏமாற்றவோ அனுப்பும் மின்னஞ்சலுக்கு 3 ஆண்டு வரை சிறை என்றது. குப்பை அஞ்சல்காரன் நடுங்கினானா? இல்லை! 2012-ல் மகாராஷ்டிரத்தில், முகநூலில் கருத்துச் சொன்னதற்காக இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். அவர்கள் மீது இந்தப் பிரிவும் பாய்ந்தது. 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. ‘தொல்லை’ என்ற சொல்லை வரையறுக்காமல் ஆளவந்தார் கையில் கொடுத்தால், அது திருடனை விட்டுவிட்டுப் பேசுகிறவனைப் பிடிக்கும்.

இன்று தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் உண்டு. மின்னஞ்சலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைப் பற்றிப் பேசுகிறது. 250 கோடி ரூபாய் வரை தண்டம் என்கிறது. ஆனால் அந்தத் தொகை அரசின் தொகுநிதிக்குப் போகும். தொல்லைப்பட்டவனுக்கு அதில் ஒரு காசு இல்லை.

நாம் கேட்பது மூன்று. ஒப்புதல் இல்லாத வணிக அஞ்சல் குற்றம் என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதுங்கள். வழக்குத் தொடுக்கும் உரிமையைக் குடிமகனுக்குக் கொடுங்கள். பணம் வாங்கித் தரும் வங்கியையும் இடம் கொடுக்கும் நிறுவனத்தையும் பொறுப்பாக்குங்கள். அரசியல் கருத்தும் தனிமனிதன் கடிதமும் இதில் சேரா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

குப்பை முழுவதும் ஒழியும் என்று நாம் வாக்களிக்கவில்லை. திருட்டுக்குச் சட்டம் வந்தும் திருடர்கள் இருக்கிறார்கள். அதற்காகச் சட்டமே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. திருடனுக்கு உரிமம் கொடுக்கும் சட்டமும் வேண்டாம், திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனைக் கட்டும் சட்டமும் வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். பாராளுமன்றம் செவிசாய்க்குமா?