எந்த வகையிலும் அடங்காத பிள்ளைகள்

பிள்ளையின் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து, அவன் என்ன சுபாவம், எப்படிச் சொல்லிக் கொடுத்தால் ஏறும், பிற்காலத்தில் என்ன படிக்க வைக்கலாம் என்று வண்ண வண்ணமாக ஓர் அறிக்கை தருகிறார்கள். டி.எம்.ஐ.டி. என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடத்திலேயே மேசை போட்டு, பெற்றோரை வரவழைத்துச் செய்கிறார்கள். விரல் ரேகைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதற்கு அறிவியல் அடிப்படை கிடையாது என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே அறிக்கை விட்டிருக்கிறது. அந்தப் பணத்துக்குப் பிள்ளைக்கு நல்ல கதைப் புத்தகங்கள் வாங்கிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்கும் பெற்றோர் எல்லாரிடமும் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் பெற்றோரின் ஆசையில் தப்பில்லை. "எம் பிள்ளையை எப்படிப் புரிஞ்சுக்கறது டீச்சர்?" என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பள்ளிக்கூடம் பதில் சொல்லாததால்தான் ரேகைக்காரரிடம் போகிறார்கள். நாம் சொல்லும் பதில் என்ன? வாலு, அமுக்குணி, மந்தம், அடங்காப்பிடாரி. ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் ஆசிரியர் அறையில் இந்தப் பட்டங்கள் வழங்கப்பட்டுவிடுகின்றன. பிறகு ஆண்டு முழுக்க அந்தப் பட்டத்துக்கு ஏற்றபடிதான் பிள்ளை நம் கண்ணில் படுகிறது.

சுபாவம் என்று ஒன்று இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டில் ஒன்று புது ஆளைக் கண்டதும் தாவிப் போகும். இன்னொன்று அம்மாவின் முந்தானையை விடாது. வீடும் ஒன்று, வளர்ப்பும் ஒன்று. இதை முறையாக ஆராய்ந்தவர்கள் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற நியூயார்க் மனநல மருத்துவத் தம்பதி. பிள்ளைக்கு எந்தக் கோளாறு வந்தாலும் தாயின் வளர்ப்பைக் குற்றம் சொல்வது அந்தக் காலத்து மருத்துவ வழக்கம். அது அவர்களுக்கு ஒப்பவில்லை. 1956-இல் தொடங்கி 133 பேரைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார்கள். எவ்வளவு துறுதுறுப்பு, பசியும் தூக்கமும் நேரத்துக்கு வருகின்றனவா, புதியதைக் கண்டால் நெருங்குமா ஒதுங்குமா, மாற்றத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பழகும், சின்னச் சத்தமும் உறுத்துமா, அழுகையும் சிரிப்பும் எவ்வளவு வேகம், பொதுவாகச் சிரித்த முகமா சிணுங்கும் முகமா, கவனம் எளிதில் சிதறுமா, எடுத்த வேலையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஒன்பது கோணங்களில் குறித்து வைத்தார்கள்.

அதிலிருந்து மூன்று வகை கிடைத்தது. எளிதில் பழகிக்கொள்ளும் பிள்ளைகள் 40 சதவீதம். வளர்ப்பவர்களைத் திணற வைக்கும் பிள்ளைகள் 10 சதவீதம். தயங்கித் தயங்கி, மெல்லத்தான் பழகும் பிள்ளைகள் 15 சதவீதம். கூட்டினால் 65 தான் வருகிறது. மீதி 35 சதவீதம் பேர் எந்த வகையிலும் சேரவில்லை. வகை பிரித்தவர்களே மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பிள்ளைகளை வகைக்கு வெளியே விட்டுவைத்தார்கள். இழுத்துப் பிடித்து எதிலாவது அடைக்கவில்லை. அந்த ஆய்வில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது இந்த நேர்மைதான். இன்று சுபாவ வகைகளைப் பற்றி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வருபவர்கள் மூன்று வகையைச் சொல்கிறார்கள், நான்கு வகையைச் சொல்கிறார்கள், இந்த 35 சதவீதத்தைச் சொல்வதில்லை.

தாமஸும் செஸ்ஸும் கண்ட இன்னொன்றும் முக்கியம். சுபாவம் தனியாக நின்று ஒரு பிள்ளையைக் கெடுத்துவிடுவதில்லை. பிள்ளையின் சுபாவத்துக்கும், சுற்றியிருப்பவர்கள் அதனிடம் எதிர்பார்ப்பதற்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. நியூயார்க்கிலேயே வாழ்ந்த புவேர்ட்டோ ரிக்கோ தொழிலாளர் குடும்பங்களையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். வசதியான வீடுகளில் யாரும் பெரிதாகப் புகார் சொல்லாத துறுதுறுப்பு இந்தக் குடும்பங்களில் பெரிய புகாராக வந்தது. பிள்ளைகள் வேறு மாதிரி பிறந்துவிடவில்லை. வீடு சிறியது, தெரு ஆபத்தானது, ஓடுகிற பிள்ளைக்கு ஓட இடம் இல்லை.

நம் வகுப்பறையை ஒரு முறை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒரு பெஞ்சில் நான்கு பேர், காலுக்கடியில் புத்தகப் பை, நாற்பது நிமிடப் பாடவேளை, கையைக் கட்டி வாயில் விரல் வைத்து உட்காரும் பழக்கம். இதில் எளிதில் பழகும் பிள்ளை தப்பித்துக்கொள்ளும். மற்றவர்கள் பாடத்தோடு மல்லுக்கட்டுவதற்கு முன் பெஞ்சோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஒரு காலை மடித்து அதன்மேல் உட்காருவான், பெஞ்ச் ஆடும், ஜியாமெட்ரி பாக்ஸின் மூடியைத் திறந்து திறந்து மூடுவான். பத்து வகுத்தல் கணக்குக் கொடுத்தால் முதல் மூன்று சரியாக இருக்கும். நான்காவதில் எண்கள் கோணலாகும், ஐந்தாவது பாதியில் நிற்கும். அவனுடைய அப்பாவை வரச் சொன்னபோது, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பிள்ளையை அடிப்பதைத் தடை செய்திருக்கிறது என்பது ஒரு பக்கம். அவனுக்கு அடி தேவையே இல்லை என்பதுதான் நான் அவருக்குச் சொன்னது. கணக்கு அவனுக்குத் தெரியும். முதல் மூன்று அதற்குச் சாட்சி. உட்காருவதுதான் தெரியவில்லை.

"மூணு கணக்குப் போட்டதும் எழுந்து வந்து காட்டிட்டுப் போ" என்றேன். வந்தான், காட்டினான், போனான். அடுத்த மூன்று. அதற்கு நடுவில் நோட்டுகளைக் கொடுப்பது, கரும்பலகையைத் துடைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. பத்துக் கணக்கும் முடிந்தன. இப்போதும் அவனால் சும்மா உட்கார முடியாது. வகுத்தல் நன்றாக வருகிறது. என் பாடவேளையில் நான் மாற்றியது அவ்வளவுதான். அவனை நான் மாற்றவில்லை.

அதே வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், பாவாடை ஓரத்தை விரலில் சுற்றுவாள், உதடு அசையும், சத்தம் வராது. படிப்பு ஏறவில்லை என்று தீர்மானித்திருந்தார்கள். அவளுடைய ரஃப் நோட்டின் பின்பக்கத்தில், வகுப்பில் போட்ட கணக்கையே வேறொரு வழியில் போட்டு விடையைச் சரிபார்த்து வைத்திருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது முன்னறிவிப்பு. முந்தின நாள் சாயங்காலமே, "நாளைக்கு இந்த நாலு வரியை நீ வாசிக்கணும், வீட்ல ஒரு தடவை வாசிச்சுப் பாத்துட்டு வா" என்று சொல்லிவிட்டால் போதும். முதலில் பக்கத்துப் பிள்ளைக்கு மட்டும் வாசித்துக் காட்டினாள். பிறகு நான்கு பேர் குழுவில். பிறகுதான் எழுந்து நின்று வகுப்புக்கு. தயங்கும் பிள்ளையைத் திடீரென்று கைகாட்டி எழுப்பினால் அது அன்று முழுவதும் வகுப்பில் இருக்காது. உடம்பு மட்டும் இருக்கும்.

இதில் நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சுமார் ஒரு விநாடி. அதை 3 விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன. அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். 3 விநாடி காத்திருக்க அரசாணை எதுவும் தேவையில்லை.

வகைகளை வைத்துப் பிள்ளைகளை அறிய முயன்றவர்களில் டேவிட் கீர்சி எனக்குப் பிடித்தவர். கலிபோர்னியாவில் பல ஆண்டுகள் பள்ளி உளவியலாளராக இருந்தவர். 1978-இல் மர்லின் பேட்ஸ் என்பவரோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தில் மனிதர்களை நான்கு சுபாவமாகப் பிரித்தார். கையால் செய்து பார்த்தால்தான் கற்கும் பிள்ளை, ஒழுங்கும் பொறுப்பும் கொடுத்தால் மலரும் பிள்ளை, 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளை, ஆசிரியருக்குத் தன்மேல் பிரியம் உண்டு என்று தெரிந்தால்தான் படிக்கும் பிள்ளை. வகுப்புக்குப் போன எவருக்கும் இந்த நால்வரும் தெரிந்த முகங்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஒழுங்கை விரும்பும் வகையினர், அதனால் கையும் காலும் ஆடிக்கொண்டே கற்கும் பிள்ளைக்குத்தான் பள்ளியில் பாடு அதிகம் என்று அவர் சொன்னது இன்றும் உண்மை. பிள்ளையைக் கவனிக்க அவருடைய எழுத்து ஆசிரியரைத் தூண்டும். ஆனால் அந்தப் புத்தகத்தின் கேள்வித்தாளைப் பிள்ளையிடம் கொடுத்து நிரப்பச் சொல்லி, வந்த விடையை முத்திரையாகக் குத்துவதை ஏற்க முடியாது. இத்தகைய சோதனைகளில் ஒரே ஆள் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் வேறு வகை வருவது சாதாரணம். வளரும் பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம்.

முத்திரையை நாம் எவ்வளவு எளிதில் நம்பிவிடுவோம் என்பதற்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை வைத்தார். ஒவ்வொருவருக்கும் உன்னைப் பற்றிய முடிவு இது என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 5-க்கு 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகள் கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. உளவியல் படிக்கும் கல்லூரி மாணவர்கள் நிலையே இது என்றால், "நீ மந்தம்" என்று பத்து வயதில் கேட்கும் பிள்ளை அதை எப்படி நம்பாமல் இருக்கும்?

பொருத்தம் என்று சொன்னால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பிள்ளைக்குச் சுபாவம் இருப்பதுபோல் ஆசிரியருக்கும் உண்டு. சத்தம் பொறுக்காதவர், வேகமாகப் பேசுபவர், ஒரு தடவைக்கு மேல் சொல்லப் பிடிக்காதவர் என்று நம்மில் எத்தனை பேர்! கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பார்பரா கியோ இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வேலையில் நிலைத்து நிற்பது, மற்றவர்களோடு எளிதில் ஒட்டுவது, சின்னதற்கும் கொதிக்காமல் இருப்பது ஆகிய மூன்றையும் வைத்தே ஆசிரியர்கள் ஒரு பிள்ளையை எடை போடுகிறார்கள் என்று காட்டினார். அதாவது பிள்ளையின் சுபாவத்துக்கு நாம் போடும் மதிப்பெண், பிள்ளையின் அறிவுக்குப் போட்ட மதிப்பெண்ணாக மாறிவிடுகிறது.

நம் நன்னூல் இரண்டு பக்கமும் பார்த்தது. பவணந்தியார் பொதுப்பாயிரத்தில் அன்னமும் பசுவும் போன்றவர் தலை மாணாக்கர், மண்ணும் கிளியும் போன்றவர் இடை, ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றவர் கடை என்று தரம் பிரிக்கிறார். அந்தத் தரவரிசையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதே பாயிரத்தில் ஆசிரியராகத் தகாதவர்களுக்கும் அவர் உவமை சொல்லியிருக்கிறார். அதில் ஒன்று மடற்பனை. மட்டை கழிக்காத பனையில் யாரும் ஏற முடியாது. தானாக விழும் பழம்தான் கிடைக்கும். தயங்கும் பிள்ளைகள் நிறைந்த வகுப்புக்கு அப்படி ஓர் ஆசிரியர் வாய்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நெய்யரியையும் எருமையையும் மேற்கோள் காட்டும் நாம் மடற்பனையை மேற்கோள் காட்டுவதில்லை.

ஊக்கம் கொடுப்பதிலும் இதே கதைதான். பிரேயரில் எல்லார் முன்னும் மேடைக்கு அழைத்துப் பாராட்டுவதை உயர்ந்த பரிசாக நினைக்கிறோம். போட்டியை விரும்பும் பிள்ளைக்கு அது சரி. கூச்சப்படும் பிள்ளைக்கு அது தண்டனை. அடுத்த முறை நன்றாகச் செய்யவே பயப்படும். அதன் நோட்டு ஓரத்தில், "இந்த வாக்கியம் எனக்குப் பிடித்தது" என்று அடிக்கோடு போட்டு எழுதிக் கொடுங்கள். வீட்டில் எல்லாருக்கும் காட்டும். ஒன்றில் மூழ்கினால் விடாத பிள்ளையிடமிருந்து மணியடித்ததும் தாளைப் பிடுங்காமல், ஐந்து நிமிடம் முன்பே சொல்லிவையுங்கள். சட்டென்று கொதிக்கும் பிள்ளையோடு வகுப்பின் நடுவில் வாதம் வேண்டாம். இடைவேளையில் வராந்தாவில் பேசுங்கள். எளிதில் பழகும் பிள்ளையை மறந்துவிடுவதும் நடக்கிறது. தொந்தரவு செய்யாததாலேயே அதனிடம் யாரும் பேசுவதில்லை.

இப்படிச் செய்வதால் படிப்பு உயருமா என்று கேட்பவர்களுக்கு: நியூயார்க்கில் சாண்டி மெக்லோரி உருவாக்கிய ஒரு திட்டத்தில், கூச்சப்படும் கொரெட்டா, முணுமுணுக்கும் கிரிகரி போன்ற பொம்மைகளை வைத்துப் பிள்ளைகளுக்கே சுபாவத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் தனியே பயிற்சி. 22 பள்ளிகளில் சோதித்துப் பார்த்தபோது, கூச்ச சுபாவமுள்ள சின்னப் பிள்ளைகள் கணக்கிலும் யோசிக்கும் திறனிலும் முன்னேறினார்கள்.

தமிழ்நாட்டில் இதற்குப் பாதை ஏற்கெனவே போட்டிருக்கிறோம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளை தன் அட்டையைத் தானே எடுத்து, தன் வேகத்தில், பாயில் உட்கார்ந்து படித்தது. எழுந்து நடக்கலாம், பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கலாம். அதில் குறைகள் இருந்தன. ஆனால் எல்லாச் சுபாவத்துக்கும் அங்கே கொஞ்சம் இடம் இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அந்த இடம் சுருங்கிவிடுகிறது. பயிற்சி முகாம்களில் இதைப் பேச வேண்டும் என்று கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரலில் உங்கள் வகுப்பை அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைக்கும்போது, பிள்ளை எப்படிப்பட்டது என்று சொல்லாதீர்கள். அதனிடம் எது பலித்தது என்று சொல்லுங்கள். இவளுக்கு முந்தின நாளே சொன்னால் வாசிப்பாள். இவனை மூன்று கணக்குக்கு ஒரு தரம் எழுந்து நடக்க விடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி எழுதினால் போதும். நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு பக்கம்கூட ஆகாது.